நகக்கண்ணில் ஒளிந்திருக்கும் ஓர் ஆங்கிலச் சொல்

பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, கோர்ட் காகிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஈரோட்டில் ஒரு மூத்த வக்கீல். அவருடைய கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாதவர்கள். தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்களே படித்துப் பார்க்க வேண்டும் என்பதில் மனிதர் பிடிவாதமாக இருந்தார். அப்படி என்னிடம் வந்த ஒரு தீர்ப்பு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு பற்றியது. கருவைக் கலைக்கும் குற்றம். சாதாரணமாக மூன்று வருடம் வரை சிறை. அந்தப் பெண் ‘க்விக் வித் சைல்டு’ என்ற நிலையில் இருந்தால் ஏழு வருடம் வரை.

நான் யோசிக்கவே இல்லை. க்விக் என்றால் விரைவு, சைல்டு என்றால் குழந்தை. ‘விரைவில் குழந்தை பெறவிருக்கும் பெண்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். “ஏந் தம்பி, நாளைக்குப் பிரசவம்ங்கிறபோது கலைச்சாத்தான் ஏழு வருசம், அதுக்கு முந்தி எப்பக் கலைச்சாலும் மூணு வருசமுங்களா? சட்டம் எழுதினவன் அவ்வளவு மடையனா?” என்று கேட்டார். நான் முழித்தேன். “இது வேகமில்ல தம்பி, உயிரு” என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்த தடிமனான அகராதியைக் கண்ணால் காட்டினார். எடுத்துத் தரவில்லை. நானேதான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன்.

அன்று பிடித்த சொல் இன்னும் விடவில்லை.

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ‘க்விக்’ என்ற சொல்லுக்கு ‘உயிரோடு இருக்கிற’ என்றுதான் பொருள். வேகம் என்ற பேச்சே இல்லை. எழுதும் விதம் வேறு; சி, டபிள்யூ, ஐ, சி என்று நான்கே எழுத்து. பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலத்துக்குப் பிறகு எழுதுகிறவர்கள் தலையெழுத்தை மாற்றிவிட்டார்கள். ஒலி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வழக்கமாகச் சொற்களுக்கு ஒலி தேய்ந்து பொருள் நிற்கும். இங்கே கதை தலைகீழ்.

‘பேவுல்ஃப்’ காவியத்தின் தொடக்கப் பகுதியில், ஹெயரோட் மண்டபத்தில் ஒரு பாணன் உலகம் படைக்கப்பட்ட கதையைப் பாடுகிறான். கடவுள் பூமியைச் செய்தார், சூரியனையும் சந்திரனையும் வைத்தார், மரக்கிளையும் இலையும் போட்டார், பிறகு ‘உயிரோடு நடமாடுகிற’ எல்லா இனத்துக்கும் உயிர் கொடுத்தார் என்று வருகிறது. 98ஆவது வரி. அங்கே ‘உயிரோடு’ என்பதற்கு உள்ள சொல் இந்த க்விக்தான். பக்கத்திலேயே ‘நடமாடுகிற’ என்ற வினை. இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் இருட்டில் கிடக்கும் கிரெண்டல் என்ற அரக்கனுக்கு ஆத்திரம் பொங்குகிறது. கொலை செய்வதையே தொழிலாகக் கொண்டவனுக்கு உயிர் என்ற சொல்லே எரிச்சல்தானே.

உயிர் எப்படி வேகமானது என்பதற்கு அந்த வரியே பாதி விடை. ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் முதலில் என்ன பார்க்கிறோம்? அசைகிறாரா என்று. உயிர் இருப்பது அசையும். நன்றாக உயிர் இருப்பது நன்றாக அசையும். ‘உயிருள்ள’ என்பது ‘துடிப்பான’ ஆகி, துடிப்பானது சுறுசுறுப்பாகி, 1300களில் ‘வேகமான’ என்ற பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது. நாமும் ‘துடியான பையன்’ என்கிறோமே, அந்தத் துடிப்பில் உயிரும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. வேகத்துக்கு இப்போது அதிகம் புழங்கும் ‘ஃபாஸ்ட்’ என்ற சொல், முதலில் ‘அசையாமல் இறுகப் பிடித்த’ என்ற பொருளில் இருந்தது. ஈரோட்டு ஜவுளிக் கடையில் லுங்கியை உதறிக் காட்டி “ஃபாஸ்ட் கலருங்க, சாயம் போகாது” என்பார்களே, அந்த ஃபாஸ்ட்தான் அசல். வேகமாக ஓடும் கலர் என்று யாராவது எடுத்துக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடும்.

க்விக்கின் வேர் தேடிப் போனபோதுதான் எனக்கு உண்மையிலேயே நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ‘உயிர்வாழ்’ என்ற பொருளுள்ள ஒரு பழைய வேர் இருக்கிறது. அது லத்தீனில் ‘வீவுஸ்’ ஆனது. கிரேக்கத்தில் ‘பியோஸ்’ என்றும் ‘ஸோயெ’ என்றும் ஆனது. ஜெர்மானிய மொழிகளில் ககர ஒலி ஏறி க்விக் ஆனது. வடமொழியில்? ‘ஜீவ’. அதாவது நாம் வடமொழியிலிருந்து வாங்கி அன்றாடம் புழங்கும் ஜீவனும் சீவனும் இந்த க்விக்குக்குச் சொந்தக்காரர்கள். பயாலஜி, ஜூ, வைட்டமின், கல்லூரியில் கை நடுங்க வைத்த வைவா எல்லாம் அதே குடும்பம். கோர்ட்டில் புருஷன்மார் முகம் சுளிக்கும் ஜீவனாம்சமும்தான். இதை வக்கீலிடம் சொன்னபோது, “அது மட்டும் க்விக்கா வராது தம்பி” என்றார்.

பைபிளுக்கு வருகிறேன். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்தச் சொல் பழைய பொருளில் தாராளமாக இருக்கிறது. இன்றைய ஆங்கில வாசகர் தடுக்கி விழுவதற்கென்றே வைத்ததுபோல இரண்டு இடங்கள். ஒன்று, எண்ணாகமம் 16ஆம் அதிகாரம். மோசேயை எதிர்த்த கோராகுவின் கூட்டத்தை, பூமி வாயைத் திறந்து விழுங்கும் இடம். அவர்கள் ‘க்விக்’ ஆகக் குழிக்குள் போனார்கள் என்கிறது ஆங்கிலம். சட்டென்று விழுந்துவிட்டார்கள் போல என்றுதான் இன்று படிப்பவருக்குத் தோன்றும். பழைய தமிழ் பைபிளைத் திறந்தால் ‘உயிரோடே பாதாளத்தில் இறங்கத்தக்கதாக’ என்று பளிச்சென்று இருக்கிறது. வேகமாக விழுவது வேறு, உயிரோடு விழுவது வேறு. இரண்டாவதில்தான் வயிறு கலங்குகிறது.

மற்றொன்று எபிரெயர் 4:12. கடவுளின் வார்த்தை ‘க்விக்’, வலிமையானது, இருபுறமும் கூரான வாளைவிடக் கூரானது என்று வருகிறது. தமிழில் அது ‘தேவனுடைய வார்த்தையானது ஜீவனும் வல்லமையும் உள்ளதாயும்’. ஆங்கிலேயர் க்விக் என்று வைத்த அதே இடத்தில் தமிழில் ஜீவன். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஸோன்’. அதுவும் அதே வேர். ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாதிரி.

தேவாலய விசுவாச அறிக்கையில் வரும் ‘உயிருள்ளோரையும் மரித்தோரையும்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘தி க்விக் அண்ட் தி டெட்’. இந்தத் தொடர் மட்டும் சாமானிய ஆங்கிலத்தில் தனியாகப் பிழைத்துக்கொண்டது. 1946 ஜூனில், ஐ.நா.வின் அணுசக்தி ஆணையத்தின் முதல் கூட்டத்தில் அமெரிக்கப் பிரதிநிதி பெர்னார்ட் பரூக் பேச்சை ஆரம்பித்ததே, க்விக்கா டெட்டா என்று தேர்ந்தெடுக்க வந்திருக்கிறோம் என்றுதான். ஹிரோஷிமா நடந்து பத்து மாதம். அந்தச் சபையில் யாருக்கும் அந்தச் சொல்லில் வேகம் கேட்டிருக்காது. பின்னால் இதே தொடரைத் துப்பாக்கிச் சண்டைப் படத்துக்குத் தலைப்பாக வைத்தார்கள். அங்கே வேகமாகச் சுடுபவன் பிழைப்பான் என்ற இரட்டை அர்த்தம். சாலையைக் கடப்பவர்களில் இரண்டே வகை, க்விக், டெட் என்று ஒரு பழைய ஜோக்கும் உண்டு. ஈரோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாமல் கிடக்கும் சொற்கள். நகத்தை ஒட்ட வெட்டினால் சுரீரென்று ரத்தம் எட்டிப்பார்க்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘தி க்விக்’ என்று பெயர். வெட்டினாலும் வலிக்காத நகத்துக்கு அடியில் உள்ள உயிருள்ள சதை. நமக்கு அது நகக்கண். அவர்கள் அங்கே உயிரைப் பார்த்தார்கள், நாம் கண்ணைப் பார்த்தோம். மனதில் சுருக்கென்று தைக்கும்படி ஒருவர் பேசிவிட்டால், ஆங்கிலத்தில் அந்தச் சதைவரை வெட்டிவிட்டார் என்பார்கள். ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் தன் சித்தப்பாவை நாடகம் போட்டுச் சோதிக்கும்போது, புண்ணுக்குள் சலாகை விட்டுப் பார்ப்பதுபோல அந்த உயிர்ச்சதைவரை துழாவுவேன் என்று சொல்வது இந்தச் சொல்லை வைத்துத்தான்.

பாதரசத்துக்கு ‘க்விக் சில்வர்’. சின்ன வயதில் வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தபோது சிமென்ட் தரையில் ஓடிய உருண்டைகளை நானும் தங்கையும் காகிதத்தால் துரத்தியிருக்கிறோம். தொட்டால் இரண்டாகும், இரண்டையும் தள்ளினால் ஒன்றாகும், கதவிடுக்குக்குள் போய் ஒளியும். (இன்றைக்கு எந்த டாக்டரிடமும் சொல்லிவிடாதீர்கள்.) அது வேகமான வெள்ளி இல்லை, உயிருள்ள வெள்ளி. லத்தீனில் அதன் பெயரே அதுதான். ஆங்கிலம் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டது. சுட்ட சுண்ணாம்புக்கு ‘க்விக் லைம்’. பொங்கலுக்கு வெள்ளையடிக்க, அந்தக் கற்களைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று சீறிக் கொதிக்கும். குழந்தைகளைக் கிட்டே விடமாட்டார்கள். உயிருள்ளது என்று ஏன் சொன்னார்கள் என்பது அந்தப் பானைக்குப் பக்கத்தில் நின்றால் தெரியும். கொதித்து அடங்கிய சுண்ணாம்புக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயர், தாகம் தீர்ந்த சுண்ணாம்பு. புதைமணல் ‘க்விக் சேண்ட்’. அது ஆளை மெதுவாகத்தான் இழுக்கும். வேகம் என்று படித்தால் பெயரே பொய்யாகிவிடும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ‘க்விக்செட்’. ஹாத்தார்ன் என்ற முள்மரத்தின் இளங்கன்றுகளை வரிசையாக நட்டு வளர்க்கும் வேலி. 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொது நிலங்களைச் சட்டம் போட்டுத் தனியார் பெயருக்கு அடைத்தபோது மைல் கணக்கில் நட்டது இதைத்தான். நாற்றுப் பண்ணைகளில் அந்தக் கன்றுகளுக்கே ‘க்விக்ஸ்’ என்று பெயர். வெட்டிய முள்ளைக் குவித்து அடைக்கும் வேலி அவர்களுக்கு ‘செத்த வேலி’. எனக்கு ஊர் காங்கேயம் பக்கம். எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக ஊன்றிவிட்டால் மழைக்குத் தளிர்த்து, நாளாவட்டத்தில் ஆடு நுழைய முடியாத சுவராகிவிடும். அதற்குத் தமிழில் என்ன பெயர்? உயிர்வேலி. அகராதியில் க்விக்செட்டைப் பார்த்த அன்று, பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வேலியை ஆங்கிலத்தில் யாரோ சொன்னதுபோல இருந்தது. இதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே ஹாத்தார்ன், இங்கே கிளுவை, சொல் ஒன்றுதான்.

எத்தனை பிடுங்கினாலும் வேர்த்துண்டிலிருந்து மறுபடி முளைக்கும் ஒரு களைப்புல்லும் இந்தச் சொல்லிலிருந்து பெயர் வாங்கியிருக்கிறது. நம் ஊர் அருகம்புல்லை ஒழிக்கப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஷேக்ஸ்பியருக்கு இந்தச் சொல் கையில் கிடைத்த காலம் அருமையான காலம். பழைய பொருள் சாகவில்லை, புதுப் பொருள் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் பயன்படுத்தலாம். ஹேம்லெட்டின் ஐந்தாம் அங்கத்தில் வெட்டியான் ஒருவன் குழிக்குள் நின்று மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறான். இது யாருடைய குழி என்று இளவரசன் கேட்கிறான். என்னுடையது என்கிறான் வெட்டியான். ஆங்கிலத்தில் ‘லை’ என்றால் படுத்திருப்பதும் பொய் சொல்வதும் ஆகும். குழி செத்தவனுக்கு, க்விக்குக்கு இல்லை, ஆகவே நீ ‘லை’ பண்ணுகிறாய் என்று மடக்குகிறான் ஹேம்லெட். அப்படியானால் இது ‘க்விக் லை’ ஐயா, என்னிடமிருந்து உங்களிடம் ஓடிவந்துவிடும் என்று வெட்டியான் திருப்பி அடிக்கிறான். ஹேம்லெட் உயிர் என்ற பொருளில் எறிந்த பந்தை, வேகம் என்ற பொருளில் திருப்பிவிட்டான். பல்கலைக்கழகத்தில் படித்த இளவரசனைவிட மண்வெட்டிக்காரனுக்குச் சொல் லாவகமாக வருகிறது. இதைத் தமிழில் கொண்டுவர நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். இரண்டு சொற்சிலேடை ஒரே வரியில். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று செத்துவிடும்.

அதே காட்சியில் சிரிப்பு சட்டென்று வடிகிறது. ஹேம்லெட் காதலித்த ஒஃபீலியாவின் குழிக்குள் குதித்த அவள் சகோதரன் லயர்ட்டீஸ், க்விக்கின் மேலும் இறந்தவளின் மேலும் மண்ணைத் தள்ளுங்கள் என்கிறான். அவளோடு உயிரோடு புதைபடுவாயா, நானும் தயார் என்று ஹேம்லெட் கத்தும்போதும் அதே சொல். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வேடிக்கையாக இருந்தது இப்போது தொண்டையை அடைக்கிறது.

‘மெர்ரி வைவ்ஸ்’ நாடகத்தில் ஆன் பேஜ் என்ற பெண்ணுக்கு ஒரு டாக்டரைக் கட்டிவைக்கப் பார்க்கிறாள் அம்மா. அதற்கு என்னை உயிரோடு மண்ணில் நட்டு, டர்னிப் கிழங்கை உருட்டி அடித்துக் கொல்லுங்கள் என்கிறாள் மகள். ‘நட்டு’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். மூலத்தில் இருப்பது க்விக்செட் வேலியில் வரும் அதே இரு சொற்கள். தன்னை வேலிக் கன்றாகவே ஆக்கிக்கொள்கிறாள். ரோமியோ விஷத்தைக் குடித்துவிட்டு, மருந்துக்காரா, உன் மருந்து க்விக் என்கிறான். வேகமாக வேலை செய்கிறது என்பதுதான் நேர்ப்பொருள். ஆனாலும் சாவு மருந்தின் மேல் உயிர் என்ற சொல் ஒட்டியிருப்பதை ஷேக்ஸ்பியர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

அவருக்குப் பிறகு பழைய பொருள் மெல்ல ஒதுங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அதை வலிந்து மீட்டவர் டி.எச். லாரன்ஸ். 1925இல் நாவல் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், நாவலில் வருகிற மனிதன் ‘க்விக்’ ஆக இருக்க வேண்டும் என்கிறார். க்விக் என்றால் என்ன என்பதற்கு அறையைச் சுற்றிப் பார்த்து உதாரணம் சொல்கிறார். இந்த அற்ப இரும்பு அடுப்பு க்விக். கண்ணாடி விளக்கு இல்லை. தூங்கும் பூனை, நிச்சயமாக க்விக். லாரன்ஸின் பிரசங்கங்கள் பலவற்றை நான் பக்கம் தள்ளிப் படிப்பவன்தான். இந்தத் தூங்கும் பூனைக்காக அவரை மன்னித்துவிட்டேன். வேகத்தை முழுக்கக் கழற்றிவிட்டு உயிரை மட்டும் நிறுத்திக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

டோல்கீன் வேறு மாதிரி விளையாடினார். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அவர். 1954இல் வந்த ‘டூ டவர்ஸ்’ நாவலில் என்ட் என்ற மர மனிதர்கள் வருகிறார்கள். ஒரு வணக்கம் சொல்லவே அரைநாள் எடுப்பவர்கள். அவர்களில் ஒருவனுக்குப் பெயர் க்விக்பீம். பெரியவர் கேள்வியை முடிப்பதற்குள் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டதால் வந்த பட்டப்பெயர். அவசரக்காரன் என்று சிரிக்கிறோம். ஆனால் ‘க்விக்பீம்’ பழைய ஆங்கிலத்தில் ஒரு மரத்தின் பெயர், உயிர்மரம். ரோவன் மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. நாவலில் அவன் உருகிப் பாடுவதோ, வெட்டப்பட்ட தன் ரோவன் மரங்களுக்காக.

சட்டத்துக்குத் திரும்புகிறேன். வயிற்றுப் பிள்ளையின் முதல் அசைவைத் தாய் உணரும் தருணத்துக்கு ஆங்கிலத்தில் ‘க்விக்கனிங்’. சுமார் 16 வாரத்திலிருந்து 20 வாரத்துக்குள். ஸ்கேன் இல்லாத காலத்தில் உள்ளே உயிர் இருப்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சி சொல்லக்கூடியவள் அந்தப் பெண் ஒருத்திதான். இங்கிலாந்தில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட பெண், நான் வயிற்றோடு இருக்கிறேன் என்று முறையிட்டால், அனுபவமுள்ள பெண்களைக் கொண்ட ஒரு ஜூரி பரிசோதிக்கும். க்விக் என்று அவர்கள் சொன்னால் பிரசவம் வரை தண்டனை தள்ளிப்போகும். 1722இல் டிஃபோ எழுதிய ‘மோல் ஃபிளாண்டர்ஸ்’ நாவலின் நாயகி பிறந்ததே இப்படித்தான். நியூகேட் சிறையில் அவள் அம்மா வயிற்றைக் காட்டி முறையிட்டு, க்விக் என்று தெரிந்ததால் ஏழு மாதம் தவணை கிடைக்கிறது. மகளுக்கு உயிர் வந்ததால் தாய்க்கும் கொஞ்ச நாள் உயிர்.

1803இல் வந்த சட்டம் ஒன்று, க்விக் ஆன பிறகு கருவைக் கலைத்தால் மரண தண்டனை, அதற்கு முன்னால் கலைத்தால் அதைவிடக் குறைந்த தண்டனை என்று கோடு போட்டது. 1837இல் அந்தக் கோட்டை இங்கிலாந்திலேயே அழித்துவிட்டார்கள். ஆனால் 1860இல் நமக்கு எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்தில் அதை விட்டுவைத்தார்கள். தங்கள் வீட்டில் கழித்துப்போட்ட சாமானை நம் வீட்டு மச்சில் போட்ட கதை. இடையில் 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் வாரக்கணக்கைக் கொண்டுவந்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆவலோடு 88ஆவது பிரிவைப் பிரித்துப் பார்த்தேன். அதன் ஆங்கில வடிவத்தில் ‘க்விக் வித் சைல்டு’ அப்படியே இருக்கிறது. அதே மூன்று, அதே ஏழு.

அந்த ஈரோட்டுக் காகிதத்தை எப்படி முடித்தேன் என்று சொல்லவில்லையே. வட்டம் போட்ட வரிக்குச் சரியான தமிழ் தெரியாமல், அன்று ராத்திரி ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு முதலில் பதறிவிட்டது. யாருக்கு என்ன என்று. விளக்கிச் சொன்னதும், “அஞ்சாம் மாசத்துல, புள்ள பொரளுதான்னு கேப்பங் கண்ணு” என்றார்.

மறுநாள் அதைச் சொன்னேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா பொரளுதுன்னு கோர்ட்டுல எழுத முடியாதே.” சிவப்புப் பேனாவை எடுத்து, என் வரியை அடித்துவிட்டு, ‘வயிற்றில் சிசுவின் அசைவை உணர்ந்த பெண்’ என்று எழுதினார். அந்தப் பக்கத்துக்கும் சேர்த்தே காசு கொடுத்தார்.